அல்லியரசாணியும் கற்பிட்டிக் கடற்கரையும்

கதை கேட்கும் வேட்கை மக்களினத்தோடு உடன்பிறந்தது. கதையில் மறைபொருளும் மாயமும் வீரச்செயலும் ஒருங்கே அமைந்து, ஒரு தலைவனோ தலைவியோ ஒரு கதையினின்று மறு கதைக்கு நடந்துசெல்லும் தொடராகவும் அஃது அமைந்துவிடுமாயின், அவ்வேட்கை பன்மடங்காகின்றது. துப்பறியும் நாவல்களையும் மாயாவிகள் தோன்றும் சித்திரக்கதைகளையும் இளைஞர் விரும்பிப் படிப்பதைக் கண்டு, இது மேனாட்டிலிருந்து அண்மையில் வந்து புகுந்த பழக்கம் என்று கருதுவோர் பலர். அக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. அச்சுநூல்கள் பெருகுவதற்கு முன்பே தமிழ்மக்களிடையே அத்தகைய கதைத்தொடரொன்று வழங்கிற்று. அதன் தலைவி அல்லியரசாணி. அவளது அரண்மனை நின்ற இடமென ஈழத்துச் செவிவழி மரபு சுட்டும் குதிரைமலை, இலங்கையின் வடமேற்குக் கரையிலே, கற்பிட்டிக்கு வடக்கே உளது. மதுரையில் அரசாண்டதாகக் கதை கூறும் ஒருத்தி இக்கரைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தாள் என்பதும், அவள் கதை மக்கள் உள்ளத்தை ஏன் கவர்ந்தது என்பதும், அதனை வரலாற்று மாணவன் எங்ஙனம் மதிக்க வேண்டும் என்பதும் ஆராயத்தக்கன.

கற்பிட்டி, மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு குடாநாடு. களப்பின் வாயிலைக் காத்துநிற்கும் இவ்விடத்தின் பெருமையை அயல்நாட்டார் நன்கு அறிந்திருந்தனர். போர்த்துக்கேயர் இங்கே தங்கினர். ஒல்லாந்தர் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கினர். புத்தளத்தின் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குச் செல்லும் வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருப்பதே அவர்தம் நோக்கமாயிருந்தது. கற்பிட்டிக்கு வடக்கே, கடலுள் நீண்டு நிற்கும் செந்நிற மேட்டுநிலமே குதிரைமலை. அஃது இன்று வில்பத்து வனத்தின் எல்லைக்குள் அமைந்துள்ளது. அதற்கும் வடக்கே அரிப்பும் சிலாவத்துறையும் உள்ளன. அவற்றை அடுத்த கடலிலேதான் மன்னார் வளைகுடாவின் புகழ்பெற்ற முத்துப்படுகைகள் கிடக்கின்றன.

இக்கரையைப்பற்றிய அற்புதச் செய்திகள் தமிழிலே மட்டும் எழுந்தவையல்ல. உரோம நாட்டுப் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். செங்கடற்பகுதியில் இறை தண்டும் உரிமைபெற்ற அன்னியுஸ் புளோகாமுஸ் என்பானிடம் அடிமையாயிருந்து விடுதலைபெற்ற ஒருவன், அராபியாவைச் சுற்றி மரக்கலத்திற் செல்லுகையில் வடகாற்றினால் அலைக்கப்பட்டு, பதினைந்தாம் நாளில் இலங்கையின் ஹிப்புரோஸ் என்னும் துறையை அடைந்தான். அந்நாட்டு அரசன் அவனை ஆறு திங்கள் உபசரித்தான். அவன் கொணர்ந்த வெள்ளி நாணயங்கள் வெவ்வேறு மன்னரின் உருவம் பொறித்தனவாயினும் ஒரே நிறையுடையனவாயிருத்தலைக் கண்டு உரோமரின் நேர்மையை வியந்து, நால்வரைத் தூதாக உரோமுக்கு அனுப்பினான். இதுவே அச்செய்தி. கிரேக்க மொழியிலே குதிரைக்கு 'ஹிப்போஸ்' என்பது பெயராதலின், ஹிப்புரோஸ் என்பது குதிரைமலையே என அறிஞர் சிலர் கொண்டனர். பெயரொப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்ளுதல் தகாது என மறுத்தவருமுளர். ஆயினும் புளோகாமுஸ் என்பான் கற்பனை மாந்தனல்லன். அவனுடைய ஏவலாளன் ஒருவன் கி.பி. 6ஆம் ஆண்டிற் பொறித்த எழுத்து எகிப்தின் பாலைவழிப் பாறையொன்றிற் கண்டெடுக்கப்பட்டுள்ளது. வியப்பூட்டும் கதையொன்றின் நடுவே உண்மையின் பரல் ஒன்று கிடத்தலும் கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மகாவம்சம் கூறும் விசயன் கதையும் இக்கரையையே நோக்கி நிற்கின்றது. விசயனும் அவன் தோழர் எழுநூற்றுவரும் வந்திறங்கிய நிலத்தின் செம்மண் அவர்தம் கைகளிற் படிந்து சிவந்தமையால், அவ்விடம் தம்பபண்ணி எனப் பெயர்பெற்றது என்பர். அவ்விடம் இதுவே எனத் துணிந்து கூறுதல் அரிது. புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட இச்செம்மண் கரையை அதற்குரியதாகக் காட்டும் மரபு உண்டு. மரநிழலிலிருந்து நூல் நூற்ற குவேனி என்னும் இயக்கி அத்தோழர்களை மாயத்தினாற் சிறைப்படுத்தினாள் என்றும், விசயன் வாளேந்தி அவளை அடக்கினான் என்றும், பின்னர் அவளையே துணையாகக் கொண்டு நாட்டைப் பெற்று, ஈற்றில் அவளைக் கைவிட்டுப் பாண்டிய இளவரசியை மணந்தான் என்றும் அக்கதை செல்லும்.

இனி, அல்லியின் கதைக்கு வருவோமாயின், அதனைக் கூறும் நூல் அல்லியரசாணி மாலை. அல்லி மலரிற் கிடந்த குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டுப் பாண்டியன் மகளாக வளர்ந்த அவள், தந்தையின் நாட்டைக் கவர்ந்த நீன்முகன் என்பானை இளம்பருவத்திலேயே வென்று மதுரையில் முடிசூடினாள். அமைச்சரும் படைத்தலைவரும் காவலரும் மகளிராகவே அமைய, ஆடவரைப் பொருட்படுத்தாது செங்கோல் செலுத்தினாள். தீர்த்தயாத்திரை வந்த அருச்சுனன் அவள்மேற் காதல்கொண்டு, நேரிய வழியில் அவளை அணுக இயலாது, கண்ணபிரானின் துணையை நாடினான். கண்ணன் பாம்பாட்டியாகவும் அருச்சுனன் பாம்பாகவும் உருமாறினர். அரண்மனையுட் புகுந்த அருச்சுனன், அவள் துயிலும்போது தாலியைக் கட்டிவிட்டு மறைந்தான். விழித்தெழுந்த அல்லி சினங்கொண்டு படையெடுத்தாள். இறுதியிலேயே இருவரும் இணங்கினர்.

கதை இவ்வளவில் முடியவில்லை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. அல்லியின் மைந்தனாகிய புலந்திரன் பவளத்தேர் வேண்டுமென அழுதான். அதற்குப் பவளம் தேடிக் கடல்கடந்து சென்ற அருச்சுனன், அங்கே பவளக்கொடியைக் கண்டு மணந்தான். அவ்வரலாறு பவளக்கொடி மாலையாயிற்று. மகன் வளர்ந்தபின் அவன் செயல்கள் புலந்திரன் களவு மாலையாயின. சூழ்ச்சிப்பொறியாக அமைந்த ஏணியொன்றைச் சுற்றி எழுந்தது ஏணியேற்றம். ஒரே குடும்பத்து மாந்தர், ஒரே துணைவனாகிய கண்ணன், கதைதோறும் புதிதாய் ஓர் இடர், அதனைத் தீர்க்கப் புதிதாய் ஒரு மாயம் என்னும் இவ்வமைப்பு, இக்காலத்துத் தொடர்கதைக்கும் சித்திரக்கதைக்கும் உரிய அமைப்பேயாகும். முற்கதையை அறிந்தவன் பிற்கதையைக் கேளாது விடான்.

இந்நூல்களை நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவர் இயற்றினார் என்பது வழக்கு. நடையையும் சொல்லாட்சியையும் நோக்கிய ஆராய்ச்சியாளர் அதனை ஏற்றிலர். நளவெண்பாவின் செறிவுக்கும் இப்பாடல்களின் பேச்சுவழக்குக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி தோன்றுகின்றது. பெயரறியாப் பாடகர் பலரின் வாயிற் பிறந்து வளர்ந்த பாட்டுக்கு, மதிப்புத் தேடிப் பெரும்புலவர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டது எனக் கொள்ளுதலே பொருந்தும். கதையின் வேர் மகாபாரதத்தில் உளது. அருச்சுனன் யாத்திரையின்போது நாககன்னி உலூபியையும் அரசிளங்குமரி சித்திராங்கதையையும் மணந்தான் என்று பாரதம் கூறும். தென்னாட்டு மரபு சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாகவே கொள்கின்றது. நாகமும் பாண்டிய இளவரசியும் நாட்டுப்பாடகரின் கையிற் கலந்து புதுவடிவம் பெற்றமையைப் பாம்புருவ நிகழ்ச்சி புலப்படுத்தும்.

இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடை 1835இல் நீங்கியபின், சென்னையில் இத்தகைய பாட்டுக்கள் மலிவான நூல்களாக வெளிவந்தன. எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கும் எளிதாக அமையும்வண்ணம் 'பெரிய எழுத்து' என்னும் அடைமொழியோடு அவை அச்சாகிச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டன. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கமாயிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) அல்லி அர்ச்சுனாவையும் பவளக்கொடியையும் மேடைக்கு ஏற்றவாறு நாடகமாக்கினார். பேசும்படம் தோன்றியபின், கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் முதன்முதலில் நடித்த படமாக 1934இல் வெளிவந்ததும் பவளக்கொடியே. ஏடு, அச்சு, மேடை, திரை என ஊடகம் மாறியதேயன்றிக் கேட்போரின் வேட்கை மாறவில்லை.

அவ்வேட்கைக்குக் காரணங்கள் யாவை? முதலாவது, அறிந்த மாந்தரோடு அறியாத இடத்துக்குச் செல்லும் இன்பம். தலைவன் இறவான் என்னும் துணிவும், இம்முறை எவ்வாறு தப்புவான் என்னும் ஐயமும் ஒருங்கே நிற்றலால், அச்சமும் ஆறுதலும் கலந்ததொரு சுவை பிறக்கின்றது. இரண்டாவது, மாறுவேடம். கேட்போன் உண்மையை அறிவான்; கதையிலுள்ளோர் அறியார். பாம்பாக வந்தவன் யாவன் என்பதைத் தான் மட்டும் அறிந்திருத்தல் அவனுக்கு ஒருவகைப் பெருமிதத்தைத் தருகின்றது. மூன்றாவது, வாழ்விற் கிட்டாதது கதையிற் கிட்டுதல். கணவனுக்கும் மாமிக்கும் அடங்கி நடக்கவேண்டிய ஒரு காலத்தில், ஆடவர் புகவியலாத அரண்மனையில் ஒரு பெண் தனித்து அரசாளும் செய்தியை மகளிர் எத்தகைய உள்ளத்தோடு கேட்டிருப்பர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அதட்டி நடக்கும் பெண்ணை இன்றும் 'அல்லிராணி' என்று அழைக்கும் வழக்கு, ஏளனத்தோடு சிறிது அச்சத்தையும் காட்டுகின்றதன்றோ?

இவ்வேட்கை ஒரு நாட்டுக்கே உரியதன்று. ஆடவரின்றி வாழும் போர்மகளிரைக் கிரேக்கர் அமேசான்கள் என்று பாடினர். அப்பழங்கதையையே அடியொற்றி அமெரிக்கச் சித்திரக்கதையில் 1941இல் தோன்றியவள் வொண்டர் வுமன் என்னும் வீராங்கனை. மூன்றாண்டு முன்னதாக, 1938இல் தோன்றிய சூப்பர்மேனும் பழைய தெய்வவீரரின் வழித்தோன்றலே. தமிழிலே முத்து காமிக்ஸ் 1972இல் வெளியிடத் தொடங்கிய இரும்புக்கை மாயாவியின் கதைகளைச் சிறுவர் ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்கிப் படித்ததற்கும், அவர்தம் பாட்டிமார் பெரிய எழுத்து நூல்களைக் கேட்டதற்கும் இடையே உள்ள வேறுபாடு காலத்தின் வேறுபாடேயன்றி மனத்தின் வேறுபாடன்று.

நான்காவதொரு காரணமும் உண்டு. அது கதை ஓரிடத்தில் ஊன்றி நிற்றலாகும். கண்முன் தெரியும் மலையையும் கடலையும் காட்டி, 'இங்கேதான் நிகழ்ந்தது' என்று கூறப்படுமாயின் மாயமும் மெய்போலாகின்றது. மதுரை அரசியாகிய அல்லி இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்தமைக்கு முத்தே வழியாயிற்று என்று கருத இடமுண்டு. மன்னார் வளைகுடாவின் இருகரையும் முத்துக்குளிப்பினால் இணைக்கப்பட்டிருந்தன. குளிப்புக் காலத்தில் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுழியோடிகளும் வணிகரும் பாடகரும் ஆயிரக்கணக்கில் இக்கரைக்கு வந்து தங்கினர். மதுரைக் கதை அவரோடு கடல்கடந்து வந்து, குதிரைமலையைக் கண்டு அங்கே குடிகொண்டிருத்தல் இயல்பே. முத்துக்கும் பாண்டிய நாட்டு அரசிக்கும் உள்ள தொடர்பும் மிகப் பழையது. கி.மு. 300ஐ அடுத்து இந்தியாவுக்கு வந்த மெகஸ்தனிஸ், ஹெராக்கிளிஸ் தன் மகள் பாண்டையாவுக்குத் தென்னாட்டை அளித்தான் எனவும், கடலிற் கண்டெடுத்த முத்தை அவளுக்கு அணியாகத் தேடினான் எனவும் கேட்டறிந்தவற்றை எழுதிவைத்தார். பிற்காலக் கிரேக்க உரோம நூல்கள் அவற்றைப் பாதுகாத்துத் தந்தன. அப்பாண்டையாவே அல்லி என்று கூறிவிடுதல் அவசரமாகும். இரண்டுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டளவு இடைவெளி உளது. அதனை நிரப்பும் சான்று இல்லை. ஒற்றுமை வேறு, தொடர்ச்சி வேறு என்பதை வரலாற்று மாணவன் மறத்தலாகாது.

கதை வரலாற்றை எவ்வாறு விழுங்கும் என்பதற்கு அரிப்பிலே கண்கூடான சான்று உண்டு. அங்கே கடலோரத்தில் இடிந்து நிற்கும் மாளிகையொன்றை மக்கள் 'அல்லிராணிக் கோட்டை' என்று வழங்குகின்றனர். அது பாண்டியர் காலத்துக் கட்டிடமன்று. 1798 முதல் 1805 வரை இலங்கையின் ஆங்கிலத் தேசாதிபதியாயிருந்த பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்குவதற்காக, கிரேக்கத் தோரிக் பாணியைத் தழுவிக் கட்டுவித்த மாளிகையே அது. கட்டியவர் பெயரும் காலமும் நோக்கமும் ஏடுகளில் ஐயமின்றிப் பதிவாகியுள்ளன. ஆயினும் தேசாதிபதியை மக்கள் மறந்தனர். அல்லியை நினைவில் வைத்தனர். முத்துவளத்தை அயலார்க்கு எடுத்துச்சென்ற ஆட்சியின் மாளிகையை, முத்துக்கடலின் அரசியெனத் தாம் நம்பிய ஒருத்தியின் இல்லமாக மக்கள் மாற்றிக்கொண்டனர். இதனைப் பிழையென்று கூறுதல் எளிது. எனினும் அப்பிழையிலே மக்கள் உள்ளத்தின் தீர்ப்பு ஒன்று அடங்கியிருத்தலையும் காணவேண்டும்.

இத்தகைய செய்திகளை எங்ஙனம் அணுகவேண்டும் என்பதற்குக் கற்பிட்டியே ஒரு வழிகாட்டியைத் தந்துள்ளது. 1807இல் இவ்வூரிற் பிறந்து 1860இல் மறைந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரநிரலில் விளக்கும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்துத் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலை அளித்தார். புலவரைப்பற்றி வழங்கிய அற்புதக் கதைகள் பல அந்நூலில் உள்ளன. அவற்றை அவர் தொகுத்திராவிடின், அக்காலத்து மக்கள் தம் புலவரைப்பற்றி நம்பியவற்றுட் பல இன்று நமக்குத் தெரியாமற் போயிருக்கும். கேட்டதைப் பதிவுசெய்தல் முதற்கடமை. ஆராய்ந்து பிரித்தல் அதற்கு அடுத்த கடமை.

அவ்விரண்டாம் கடமையும் தவறவொண்ணாதது. அற்புதக் கதை இன்பம் தருவதோடு நில்லாது, சிலவேளை அநீதியையும் மூடிவிடுகின்றது. உறங்குகின்ற பெண்ணுக்கு அவள் அறியாமற் தாலி கட்டியதைக் கதை வீரச்செயலாகக் கொண்டாடுகின்றது. அவளுடைய சினத்தை இடையூறாகக் காட்டுகின்றதேயன்றி நியாயமாகக் காட்டவில்லை. குவேனியின் கதையிலோ, மண்ணுக்கு முதலுரிமையுடையோர் இயக்கராக, மாயம் வல்ல கொடியோராகத் தீட்டப்படுகின்றனர். ஓரினத்தாரைப் பேய்க்கணமாக்கிவிட்டால், அவர்தம் நிலத்தைப் பறித்தலும் அவரைக் கைவிடுதலும் குற்றமாகத் தோன்றா. இரு கதைகளிலும் அரசாளும் பெண்ணொருத்தி, வெளியிலிருந்து வந்த இளவரசன் ஒருவனின் சூழ்ச்சிக்கோ வாளுக்கோ தோற்கின்றாள். இவற்றை வரலாறென்று கொண்டு, 'இம்மண் எமதே' எனப் பிறரோடு பூசலிடுவோர் எம்மரபினராயினும், கதையின் சுவையையும் அறிந்தாரல்லர். வரலாற்றின் நெறியையும் அறிந்தாரல்லர். இலங்கை அத்தகைய பூசல்களுக்குக் கொடுத்த விலை பெரிது.

அவ்விலையின் ஒரு பகுதியைக் கற்பிட்டி அறியும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அரிப்பையும் சிலாவத்துறையையும் உள்ளடக்கிய முசலிப் பகுதியினர் உட்படப் பல்லாயிரவர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அடைக்கலம் புகுந்தனர். முத்துக்கரையின் நினைவுகளை உடையோர் அக்கரையை விட்டுப் பிரிந்து, ஓலைக்குடிசைகளிலே ஆண்டுக்கணக்காக வாழ நேர்ந்தது. கதையை ஊன்றி நிறுத்துவது இடமாயின், இடம்பெயர்ந்த மக்களின் நாவிலே அக்கதை எத்தனை தலைமுறை நிலைக்கும்? பிற்காலத்தில் மீண்டு சென்றோர் உளர். கற்பிட்டியிலேயே வேரூன்றியோரும் உளர். முன்னைத் தலைமுறையினர் மறையுந்தோறும், குதிரைமலையைக் காட்டிக் கதை கூறும் குரல்கள் குறைந்துகொண்டே செல்லுகின்றன. அரிப்பு மாளிகையின் சுவர்களும் கடல் அரிப்புக்கு இரையாகி வருகின்றன.

ஆதலின், மாயக்கதை படிக்கும் மாணவனைக் கடிந்துகொள்வதினும், அவனுக்கு இரு கேள்விகளைக் கற்பித்தலே ஆசிரியர்க்கு அழகு. 'இக்கதை எனக்கு ஏன் இனிக்கின்றது?' என்பது ஒன்று. 'இக்கதையில் எவருடைய குரல் கேட்கவில்லை?' என்பது மற்றொன்று. முதற்கேள்வி அவனைத் தன் உள்ளத்தை அறியச்செய்யும். இரண்டாவது அவனை வரலாற்றாசிரியனாக்கும். கற்பிட்டிக் கரையிலே பாட்டியொருத்தி கூறும் அல்லியின் கதையை, கூறியவரின் ஊர், காலம், சொல் ஆகியவற்றோடு ஒரு மாணவன் எழுதிவைப்பானாயின், அது காசிச்செட்டி தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகும். முத்துச்சிப்பியைக் கண்ட சுழியோடி அதனை அப்படியே விழுங்குவதுமில்லை. வெறும் ஓடென்று கடலில் எறிந்துவிடுவதுமில்லை. கரைக்குக் கொணர்ந்து, பொறுமையோடு திறந்து பார்க்கின்றான். பழங்கதையைக் கையிலெடுத்தவனும் அவ்வாறே செய்தல் வேண்டும்.